ஃப்ளூரியின் கைத்துப்பாக்கி

மெஸ், 3 அக்டோபர் 1814

அன்புள்ள மார்செலினுக்கு,

நானும் என் வீட்டுக்காரர் நிக்கோலாவும் நலம். அவருக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ரிப்பன் தறியில் குனிந்தே கிடக்காமல் கொஞ்சம் எழுந்து நடக்கிறாயா?

எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. ஜெர்மனிப் பக்கமிருந்து திரும்புகிற சிப்பாய்கள் எல்லோரும் கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் முதலில் நிற்பது எங்கள் சாப்பாட்டுக் கடையில்தான். போன வாரம் அப்படி ஒருவன் வந்தான். முட்டைக்கோஸ் சூப் இரண்டு கிண்ணம் குடித்தான். பிறகு, "நீங்கதானே ஃப்ளூரி ஷொவேயோட அக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பையிலிருந்து ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"மைன்ஸ் ஆஸ்பத்திரியில ஜனவரி மாசம் போயிட்டாரு. விஷக்காய்ச்சல். இதை உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு" என்றான்.

என் ஒரே தம்பி, மார்செலின். உனக்கு ஒரே புருஷன். இதற்குமேல் என்ன எழுதுவேன்? நேற்று பெரிய கோயிலில் அவனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நீ மனைவியா விதவையா என்று தெரியாமல் இரண்டு வருடம் தவித்துவிட்டாய். இந்தத் துப்பாக்கியை நீதிபதியிடம் காட்டினால் இறப்புச் சான்று கொடுப்பார் என்கிறார்கள். ரிப்பன் வியாபாரி கிராஞ்சோன் நல்ல மனுஷர் என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு வயது இருக்கிறது. யோசி.

கண்ணீருடன்,
உன் நாத்தனார் பெனுவாத்


சாந்த் எத்தியென், 19 அக்டோபர் 1814

மதிப்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நிக்கோலா அண்ணனை உப்புக்கண்டம் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள், கால் தானே சரியாகும்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுவதும் தறி ஓட்டினேன். மறுநாள் பார்த்தால் நெய்தது அத்தனையும் பிசகு. பிரித்துப் போட்டேன். அழுகை வரவில்லை. நம்பினால்தானே வரும்?

அக்கா, எங்கள் ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் துப்பாக்கி செய்கிறார்கள். குதிரைப்படைக் கைத்துப்பாக்கி எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கட்டையான குழல், அதன் முனையில் பித்தளைப் பட்டை, கீழே வளைந்த வாதுமைக் கட்டை. அதில் எது அவருடையது என்று அந்தச் சிப்பாய்க்கு எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். ருஷ்யாவுக்குள் நுழையும் முன் அவர் எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு வேடிக்கை எழுதியிருந்தார். படையில் அவருக்குக் கொடுத்த துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தால் அது இங்கே துப்பாக்கிச் சாலையில் வேலை செய்தபோது அவரே கட்டை பொருத்தியதாம்! ஆயிரக்கணக்கில் செய்தவற்றில் ஒன்று திரும்பிக் கைக்கே வந்துவிட்டது. "இதுக்கும் என்னை விட்டா ஆளில்ல போல" என்று எழுதினார்.

ஆகவே ஆயுதசாலைக்காரர் யாரையாவது வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். நிக்கோலா அண்ணன் வேண்டாம், அவர் சமையல் கத்தியால் நெம்புவார். குழலின் பின்வாலில் 'எம், ஆண்டு 13' என்று, பழைய புரட்சிக் காலத்து ஆண்டுக் கணக்கில், மாதிரியின் பெயர் இருக்கும். பக்கத்தில் 1810 என்று வருடம் இருக்க வேண்டும். அது எல்லாவற்றிலும் இருக்கக்கூடியது. முக்கியம் உள்ளே இருப்பது. ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றில் உட்காராது, அக்கா. கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரே துப்பாக்கியின் உறுப்புகளில் எல்லாம் ஒரே மாதிரி அரத்தால் கோடு கீறி வைப்பார்கள். அவருடைய துப்பாக்கியின் கீறல் மூன்று குட்டை, ஒரு நெட்டை என்று அவரே எழுதியிருந்தார். குழலின் அடியில், விரல் வளையத்தில், பிடியின் அடிமூடியில், கல் தட்டி நெருப்பு எழுப்புகிற விசைத் தகட்டின் உட்புறத்தில். நான்கு இடம். பார்த்து எழுதுங்கள்.

அந்தச் சிப்பாயின் பெயர் என்ன? எந்தப் படை? எங்கே புதைத்தார்கள்? இதையெல்லாம் கேட்காமல் சூப்பை மட்டும் ஊற்றிக் கொடுத்தீர்களா?

கிராஞ்சோன் ஞாயிறுதோறும் வருகிறார். அவர் தொப்பை முதலில் வருகிறது, பின்னால் அவர். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் கதவைத் தட்டும்போதெல்லாம் ஒரு கணம் வேறு ஒருவர் என்று எழுந்துவிடுகிறேன். அந்த ஒரு கணத்துக்காகவே அவரை வர வேண்டாம் என்று சொல்லாமல் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். பாவம் அவர்.

அன்புடன்,
மார்செலின்


மெஸ், 8 நவம்பர் 1814

அன்புள்ள மார்செலினுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர் இறங்கிவிட்டது. நீ விறகு வாங்கி வைத்துவிட்டாயா?

ஆயுதசாலையில் வேலை செய்கிற ஒருவர் வந்து கழற்றிக் காட்டினார். நீ சொன்னபடியே எல்லாம் இருக்கிறது. குழலின் வாலில் 'எம், ஆண்டு 13', பக்கத்தில் 1810. குழலின் அடியில் மூன்று குட்டைக் கீறல், ஒரு நெட்டை. விரல் வளையத்திலும் அப்படியே. பிடியின் மூடியிலும் அப்படியே. என் கண்ணால் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அவனுடையதுதான்.

சிப்பாயின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரிந்தது?

துப்பாக்கியை லியோன் போகிற வண்டிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குள் வந்துவிடும். நீதிபதியிடம் கொண்டு போ. கிராஞ்சோனையும் துணைக்கு அழைத்துப் போ. இனியும் யாருக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்?

உன்
பெனுவாத்


சாந்த் எத்தியென், 25 நவம்பர் 1814

மதிப்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்து ஆறுதல். விறகு இருக்கிறது.

நேற்று அழுதேன். கீறல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் உட்கார்ந்த இடத்திலேயே ஆரம்பித்தது. மாடி வீட்டு அம்மாள் இறங்கி வந்து, "யாருடி செத்தா?" என்று கேட்டாள். இரண்டு வருடமாக அவர் இருக்கிறார் இருக்கிறார் என்றே அவளிடம் வாதாடியவள் நான்.

துப்பாக்கிச் சாலையிலேயே இருந்திருந்தால் அவரைப் பட்டாளத்துக்கு இழுத்திருக்க மாட்டார்கள். வெடிப்புள்ள கட்டை ஒன்றை மேற்பார்வையாளர், பரவாயில்லை அனுப்பு என்றாராம். "என் கை பட்டது ஓட்டையா வெளிய போகாது" என்று அதை அந்த ஆளின் மேசையிலேயே அடித்து உடைத்துவிட்டு வந்தார் இந்த மகாராஜா. மறுவாரம் வேலையாள் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று, மறுமாதம் ஆளும் போனார். அந்த ஒரு வெடிப்பைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் இன்று என் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இப்போது அவர்மேல் கோபம் கோபமாக வருகிறது. கோபம் தீர்ந்ததும் ஆளைத் தேடுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கடைசியாக என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சிப்பாய் ஏதாவது சொல்லியிருப்பானே. சின்ன வார்த்தையாக இருந்தாலும் எழுதுங்கள்.

மார்செலின்


மெஸ், 6 டிசம்பர் 1814

அன்புள்ள மார்செலினுக்கு,

நலம். உன் நலத்துக்குத் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கேட்டாயே என்பதற்காக எழுதுகிறேன். "அவ காத்திருக்க வேணாம். நல்லவனாப் பாத்துக் கட்டிக்கட்டும்" என்று சொன்னானாம். அவ்வளவுதான். அதை அவனுடைய விருப்பமாக எடுத்துக்கொள்.

மெலிந்துவிட்டாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அந்த நீலச் சால்வையைத்தான் இன்னமும் போட்டுக்கொள்கிறாயா? தறி ஓட்டும்போது இன்னமும் பாடுகிறாயா? கிராஞ்சோன் வந்தால் சிரித்துப் பேசுகிறாயா? அவர் குடிப்பாரா? கை நீட்டுகிற ஆளா? தெளிவாக எழுது. எழுதாமல் விட்டுவிடாதே.

உன்
பெனுவாத்


சாந்த் எத்தியென், 28 டிசம்பர் 1814

மதிப்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் நலம். எவ்வளவு நலம் என்பதை மேற்கொண்டு படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

துப்பாக்கி வந்து சேர்ந்தது. கிராஞ்சோன்தான் சாக்கைப் பிரித்தார். கட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அவருடையதுதான். மடியில் வைத்துக்கொண்டேன். கிராஞ்சோன் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏதாவது பேச வேண்டுமே என்று விசைத் தகட்டில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"அரச ஆயுதச் சாலை, சாந்த் எத்தியென்."

நான் அவரை மறுபடியும் படிக்கச் சொன்னேன்.

அக்கா, அவர் இங்கே வேலை செய்தபோது தகடுகளில் எல்லாம் 'பேரரசு ஆயுதச் சாலை' என்றுதான் செதுக்குவார்கள். பேரரசர் போய், அரசர் வந்தது இந்த வருடம் வசந்தத்தில். அதற்குப் பிறகுதான் எழுத்தை மாற்றினார்கள். எங்கள் தெருமுனைச் செதுக்குக்காரர், பாதி செதுக்கிய தகடுகளை எல்லாம் என்ன செய்வது என்று புலம்பித் தீர்த்துவிட்டார். ஜனவரியில் மைன்ஸில் செத்தவரின் துப்பாக்கியில் இந்தத் தகடு எப்படி வந்தது?

கழற்றினேன். தகட்டின் உள்ளே கீறல் இல்லை. நான் நான்கு இடம் கேட்டேன், நீங்கள் மூன்றுக்குத்தான் பதில் எழுதினீர்கள். அன்று அழுத அழுகையில் எனக்கு அது உறைக்கவில்லை.

பழைய தகடு உடைந்திருக்கும், வேறு யாரோ மாற்றியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். யாரோ மாற்றினால் மரத்தைக் கொத்திவிட்டுச் சந்துக்கு மெழுகு அடைத்திருப்பார்கள். இதில் புதுத் தகட்டுக்காக மரத்தைச் சீவி, குறைந்த இடத்தில் ஒட்டு வைத்து, ஒட்டின் ரேகையைக் கட்டையின் ரேகையோடு ஓட விட்டிருக்கிறது. விரலால் தடவினால் எங்கே சேர்கிறது என்று தெரியவில்லை. எங்கள் வீட்டு அலமாரிக் கதவிலும் அவர் வைத்த ஓர் ஒட்டு இப்படியே இருக்கிறது. தினமும் அதைத் தொட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.

இன்னொன்று. நான் தறியில் பாடுவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? என் கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் மெஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். நீலச் சால்வை அவர் வாங்கிக் கொடுத்தது. நீங்கள் அதைப் பார்த்ததே இல்லை.

அவர் எங்கே, அக்கா? உங்கள் வீட்டில் இருக்கிறாரா? வேறு யாரையாவது கட்டிக்கொண்டு வந்திருக்கிறாரா? அப்படியானாலும் சொல்லுங்கள். உயிரோடு இருக்கிறார் என்ற ஒரு சொல் போதும், மற்றதை அப்புறம் சண்டை போட்டுக்கொள்கிறேன்.

மார்செலின்


சாந்த் எத்தியென், 22 ஜனவரி 1815

அக்கா,

நலமா? பதில் இல்லை.

உங்கள் நவம்பர் கடிதத்தை நம்பிக் கொடுத்த மனுவுக்கு நீதிபதி நாள் குறித்துவிட்டார். நான் சளி என்று சொல்லித் தள்ளிப் போட்டிருக்கிறேன். மாசக் கணக்காகவா சளி பிடிக்கும்? உங்கள் தம்பி உங்களை எழுத விடவில்லை என்றால் வெற்றுத் தாளை மடித்து அனுப்புங்கள். எனக்குப் புரியும்.

மா.


மெஸ், 3 பிப்ரவரி 1815

என் கண்ணே மார்செலின்,

உன் உடம்பைக் கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

எங்கள் மாடியில்தான் இருக்கிறான். மைன்ஸ் படை கலைந்து ஊர் திரும்பியபோது கோடையில் வந்தான். பகலில் ஆயுதசாலையின் பின்கட்டில் வேலை, இருட்டியதும் வீடு. நடுவே யார் கண்ணிலும் படுவதில்லை. சூப் குடித்த சிப்பாய் என்று யாருமில்லை. எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்து நான் எழுதியது. அம்மாவின் கல்லறைமேல் சத்தியம் வாங்கிவிட்டான்.

வேறு பெண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. ருஷ்யப் பனி அவன் முகத்தைத் தின்றுவிட்டது, மார்செலின். மூக்கு இல்லை. இடது காது இல்லை. மேலுதடு பாதி போய்ப் பல் தெரிகிறது. பேச்சு ஒழுகும், பழகினால் புரியும். முதல் நாள் கடை வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டான். நான் கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். கூடப் பிறந்தவள் நானே ஓடினேன். அதை அவன் மறக்கவில்லை. "நீயே ஓடுன. அவ என்ன பண்ணுவா?" என்கிறான்.

துப்பாக்கியின் கதையையும் கேள். ருஷ்யாவிலேயே அதன் விசை உடைந்துவிட்டதாம். அப்படியே அனுப்பிவிடு, செத்தவன் துப்பாக்கிதானே என்றேன். எகிறிவிட்டான்.

"உடைஞ்சதை என் பேர்ல அனுப்பச் சொல்றியா? எங்க ஊர்ல நாலு பேர் கையில எடுத்துப் பாப்பாங்க. ஃப்ளூரி துப்பாக்கி சுடாதுன்னு சொல்லவா?"

"செத்தவனுக்கு என்னடா மானம்?"

"செத்தா என்ன? வேலை என் வேலைதானே?"

ஆயுதசாலையில் இருந்தது புதுத் தகடு ஒன்றுதான். எழுத்து வேறாக இருக்கிறதே என்று நான்கூடக் கேட்டேன். "யாரும் அதைப் பாக்க மாட்டாங்க, குழலைத்தான் பாப்பாங்க" என்றான். மூன்று வாரம் உட்கார்ந்து இழைத்தான். வந்த நாளிலிருந்து அந்த மூன்று வாரம்தான் அவன் விசிலடித்து நான் கேட்டது.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அலமாரிக் கதவு என்ற இடத்தில் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். இத்தனை நாள் எழுதாதே எழுதாதே என்றான். இன்று வெற்றுத் தாள் என்று நீ எழுதியதைக் கேட்டு, "எழுதித் தொலை" என்றான். கீழே இருப்பது அவன் கையெழுத்து.

பெனுவாத்

மார்செலின், நான் செத்தவன் என்றே வைத்துக்கொள். நீதிபதியிடம் போ. கிராஞ்சோன் நல்லவர். நீ என்னை எப்படிப் பார்த்தாயோ அப்படியே நான் உன்னிடம் இருந்துவிட்டுப் போகிறேன். வராதே. — ஃப்ளூரி


சாந்த் எத்தியென், 16 பிப்ரவரி 1815

ஃப்ளூரி,

நலமா என்று கேட்டால் அக்கா எழுதியதே மறுபடியும் வரும். நான் நலம். மெலிந்துவிட்டேன். பாடுவதில்லை. இனி இதையெல்லாம் அக்காவின் பெயரில் கேட்காதே.

முதலில் திட்டிவிடுகிறேன். இரண்டு வருடம், ஃப்ளூரி! மைன்ஸில் உனக்குத் தாள் கிடைக்கவில்லையா? நான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுக் கேட்டே காது தேய்ந்து போனேன். முகம் போனது உனக்கு. இருந்த புருஷனை எனக்கு இல்லாமல் செய்தது பனி இல்லை, நீ. இதை நேரில் வந்து இன்னும் விரிவாகச் சொல்வேன்.

நீதிபதியிடம் போனேன். அவர் குழலைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பேனாவை எடுத்தார். நான் தகட்டிலிருந்த 'அரச' என்ற சொல்லைக் காட்டி, இது ஜனவரிக்குப் பிறகு செதுக்கியது என்றேன்.

"அப்ப உன் புருஷன் உசுரோட இருக்காருன்னு சொல்றியா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"அதுக்கு இங்க தாள் எதுவும் கெடையாதேம்மா. செத்தாத்தான் உண்டு" என்றார். அவருடைய எழுத்தர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

கிராஞ்சோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைக் கையில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "வண்டியில இடம் சொல்லிட்டீங்களா? மூலைல கேளுங்க, காத்து படாது" என்றார். வாசல் வரை போய்ப் படியில் கொஞ்ச நேரம் நின்றார். நல்லவர் என்று நீ சொன்னது சரிதான். ஆனால் நல்லவர் யார் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை.

வராதே என்கிறாய். திங்கள்கிழமை லியோன் வண்டியில் ஏறுகிறேன். தறியைத் தங்கையிடம் விட்டிருக்கிறேன். உன்னை இங்கே கூட்டி வர வேண்டும் என்றில்லை. மெஸ்ஸிலும் ரிப்பன் கட்டுகிற பெண்கள் இருப்பார்கள்.

உனக்கு ஒரு பொய்யும் சொல்லமாட்டேன். முகம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எழுத நினைத்தேன், எழுத வரவில்லை. அந்த முகத்தைத்தான் மூன்று வருடமாகத் தினமும் நினைத்தேன், அது ஒரு பொருட்டு இல்லாமல் எப்படி இருக்கும்? முதலில் பார்க்கும்போது நான் அலறிவிடலாம். அக்காவைப் போல ஓடினாலும் ஓடுவேன். அப்போது நீ மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. இருக்கிற இடத்திலேயே உட்கார்ந்திரு. நான் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவேன். அப்போதும் தாங்கவில்லை என்றால் மறுபடியும் போய்விட்டு மறுபடியும் வருவேன். நீ வெளிச்சத்திலேயே உட்கார்ந்திரு.

உன் மனைவி,
மார்செலின்